ரத்தக்கட்டுக்கு ஒரு செட்

என் கணவர் என்னை அடித்தார் என்று நீங்கள் நம்பினீர்கள், சம்பந்தம் சார். நம்பிவிட்டு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

இதைக் கோபத்தில் சொல்லவில்லை. (கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனால் எனக்குக் கோபம் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அசிங்கப்பட்ட இடங்களும் நடுவில் வரும். எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கப் போய்த்தான் இவ்வளவும் ஆனது.

எங்கள் ஊர்க்காரர்கள் அல்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் சார் சிட்லபாக்கத்தில் எங்கள் காலனியின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தெருமுனை மருந்துக் கடையும் அவருடையதுதான். நான் வசந்தி. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஏரிப் பக்கம் காலையில் நடக்க வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். "பிரேக்கைப் பிடிடி! பிரேக்கு! அது ஹாரன்!" என்று கேட்டால் அது நான்தான். என் கணவர் தயாளன் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். குரோம்பேட்டையில் ரயில் ஏறுவார், சாயங்காலம் குரோம்பேட்டையில் இறங்குவார். நடுவில் யாரிடமும் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசியிருக்க மாட்டார். கரப்பான்பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிற மனிதர். (அது மறுநாள் திரும்பி வந்துவிடும். அதற்கும் அவரைப் பிடிக்கும்.)

இனி மூக்கு.

நாற்பது வயது தாண்டும்வரை என் மூக்கைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை. காரணம், அதை நான் நேராக மட்டுமே பார்த்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று யாரும் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொள்வதில்லை. போன வருடம் என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் நான் சொல்லிக்கொடுப்பதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டாள். பார்த்தேன். திரையின் ஓரத்திலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு நான் வந்தேன். அப்புறம்தான் ஸ்கூட்டர் வந்தது.

மூக்கின் நடுவில் ஒரு மேடு. எங்கள் தெரு வேகத்தடையைவிட உறுதியாகப் போட்டிருந்தது. அப்பாவின் மூக்கு அது. அவருக்கு மீசை இருந்ததால் எடுபட்டது. எனக்கு அந்த வசதி இல்லை.

வீடியோவின் கீழே "சூப்பர் அக்கா", "எங்க ஏரியாவுக்கு வருவீங்களா, கோவிலம்பாக்கம்" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். மூக்கைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. எல்லோரும் பார்த்துவிட்டு, நாகரிகமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். (இந்த ஊர்க்காரர்களின் நாகரிகத்தைப் பற்றி நான் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே விஷயம் இதுதான். என்ன, சம்பந்தமில்லாத இடத்தில் புரிந்துகொண்டேன்.)

கணவரிடம் சொன்னேன். "மூக்குக்கு என்ன குறைச்சல்? மூச்சு விடுது. சளி பிடிக்குது. எல்லா வேலையும் ஒழுங்கா செய்யுது" என்றார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் நித்யாவுக்குப் போன் போட்டேன். "பண்ணிக்கோம்மா. உன் மூக்கு, உன் காசு. ஆனா அப்புறம் வேற யாருதையும் கிண்டல் பண்ணாத" என்றாள்.

அவள் சொன்னது சுருக்கென்று பட்டது. தலைக்குச் சாயம் அடிக்கிற ஆண்களை நடுத்தெருவில் நிறுத்திக் கலாய்த்தவள் நான். நான் போய் அழகுக்காக மூக்கை அறுத்துக்கொண்டேன் என்று தெரிந்தால் இந்தத் தெரு என்னை விடுமா? அதனால் ஒரு திட்டம் போட்டேன். தங்கச்சி வீட்டுக்குக் கும்பகோணம் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வகுப்புகளுக்கு லீவு விட்டேன். நகரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு, உச்சிவெயிலில் தெருவில் நாய்கூட இல்லாத நேரம் பார்த்து, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கி வீட்டுக்குள் பதுங்கினேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. எனக்கு நேர் எதிர்.

"கண்ணைச் சுத்தி ரத்தம் கட்டும். பயப்படாதீங்க. வீக்கத்துக்கு மாத்திரை இருக்கு. இந்த ஆயின்மென்டைக் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, பட்டாணி அளவு. தேய்க்கக் கூடாது, சும்மா தொட்டு வைங்க. கண்ணுக்குள்ள போகக் கூடாது. தலைய உயர்த்தி வெச்சுப் படுங்க. முக்கியமா, என்னைக் கேக்காம வேற எந்த மாத்திரையும் வேண்டாம். வலி மாத்திரைகூட."

"பட்டாணின்னா பச்சைப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?"

அவர் என்னைப் பார்த்தார். "காஞ்சது" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். மூக்கின் மேல் வெள்ளையாக ஒரு கட்டு. அதற்கு இரண்டு பக்கமும் நாவல்பழத்தை நசுக்கி அப்பியதுபோல இரண்டு கண்கள். வெள்ளை விழியிலும் சிவப்பு. குத்துச்சண்டையில் தோற்றவன்கூட இதைவிடத் தேவலை. அவனுக்குக் கையிலாவது காயம் இருக்கும், திருப்பி அடித்தான் என்று தெரியும்.

சீக்கிரம் சரியாக வேண்டும். டாக்டர் சொன்ன இரண்டு வேளையை நான் எனக்குப் பிடித்த அளவு வேளையாக்கினேன். காய்ந்த பட்டாணி நெல்லிக்காயானது. தோசைக்கல்லில் எண்ணெய் விடுவதுபோல விட்டேன். ஆயின்மென்ட் டியூபைப் பிதுக்கிப் பிதுக்கி, கடைசியில் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்தும் போட்டாயிற்று. மாத்திரையும் அதே கதி. வேகமாகக் கொடுத்தால் வேகமாகக் கரையும் என்பது என் மருத்துவ அறிவு. ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டரைத் திருகுகிற பெண்களை இதற்காகத்தான் திட்டுவேன்.

அதற்குள் கும்பகோணமும் கவிழ்ந்துவிட்டது. என் கணவர் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கருகல் வாசனை வந்தது. (மூக்கில் பஞ்சு இருந்தும் எனக்கு வந்தது. அந்த அளவுக்குக் கருகல்.) "திருப்புங்க! திருப்புங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். கும்பகோணத்தில் இருக்கிற என் குரல் சிட்லபாக்கத்தில் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததை நானே பார்த்தேன்.

மறுநாள் சிலிண்டர் வந்தது. கணவர் ஆபீஸ் போயிருந்தார். போனில் வரும் நம்பரைச் சொன்னால்தான் சிலிண்டர் தருவார்கள். கதவை ஒரு விரல் அகலம் திறந்து நம்பரைச் சொன்னேன். சிலிண்டர் போடுகிற ரமேஷ் விடவில்லை.

"அக்கா, கதவ நல்லா தொற. இத இன்னா ஜன்னல் வழியாவா உள்ள போடறது?"

திறந்தேன். சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கியவன் என்னைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இன்னாக்கா மூஞ்சி இப்டி கீது?"

உலகத்தில் அடி வாங்கிய பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வாயில் வந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்பா."

"எல்லா அக்காவும் அதான் சொல்லுது" என்றான். கொஞ்ச நேரம் சிலிண்டரின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஸ்டேஷனுக்குப் போலாமாக்கா? வண்டி கீது. சிலிண்டர் லோடுதான், பரவால்ல, ஓரமா குந்திக்கினு வா. நான் வெளிய நிக்கறேன். பயப்படாத" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கு வலித்தது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவன் இன்னும் கலங்கிப் போனான். "ஒண்ணும் இல்லப்பா, நீ போ" என்று கதவைச் சாத்தினேன். அன்று அது எனக்கு வெறும் வேடிக்கை.

அன்று சாயங்காலம் ஆயின்மென்ட் வாங்கச் சொல்லிக் கணவருக்குப் போன் செய்தேன். சீட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் சீட்டின் தலையில் அழகு அறுவை சிகிச்சைப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அந்தச் சீட்டை சம்பந்தம் சார் கடையில எடுத்து நீட்டினீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். சும்மா ரத்தக்கட்டுக்குன்னு கேளுங்க" என்றேன். மறுவார்த்தை பேசாமல் அப்படியே கேட்டிருக்கிறார். நான் பிறகு அவரைக் குடைந்து கேட்டு வாங்கிய உரையாடல் இது.

"ரத்தக்கட்டுக்கு ஒரு செட் குடுங்க சார். ஒரு ஆயின்மென்டும்."

"யாருக்கு சார்?"

"வீட்ல."

"எங்க அடி?"

"முகத்துல. கண்ணைச் சுத்தி."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்."

அதற்கு நீங்கள் சொன்னது இது, சம்பந்தம் சார். "எல்லார் வீட்லயும் நடக்கறதுதான் சார். மனசுல வெச்சுக்காதீங்க. அவங்களுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தெருவுக்கே தெரியும். நீங்களும் எவ்வளவு நாள்தான் பொறுத்துப்பீங்க?"

என் கணவர் தலையை ஆட்டினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். என் வாயைப் பற்றி ஊரார் அவருக்கு அனுதாபம் சொல்வது வாரா வாரம் நடக்கிற ஒன்று. இதுவும் அந்தக் கணக்கு என்று நினைத்திருக்கிறார். நீங்கள் கடையை உங்கள் ஆளிடம் விட்டுவிட்டு இறங்கி வந்து அவரைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனீர்கள். இத்தனை வருடத்தில் முதல் டீ. இஞ்சி போட்டது என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

செட் என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையைக் கத்தரியால் வெட்டி, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று எனச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் காலையில் ஆபீஸ் போகலாம். வண்டலூரிலிருந்து பல்லாவரம்வரை பாதி ஜனம் இந்த செட்டில்தான் ஓடுகிறது. நானும் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த நாட்களில் நாவல்பழம் கீழே இறங்கத் தொடங்கியது. கன்னம், தாடை, ஒரு பக்கம் கழுத்துவரைக்கும் வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வேறு எட்டிப் பார்த்தது. பயந்துபோய் டாக்டருக்கு வீடியோ காலில் முகத்தைக் காட்டினேன். மாத்திரை உறையைக் காட்டச் சொன்னார். ரோஸ் மாத்திரையின் பின்பக்கம் வெட்டுப்பட்ட பாதிப் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பொறுமைசாலிக்கே குரல் ஏறியது.

"இது ரத்தத்தை இளக்குற மாத்திரை! இதைப் போட்டா ரத்தக்கசிவு எப்படி நிக்கும்? யாரு எழுதிக் குடுத்தா?"

"எங்க சங்கச் செயலாளர்."

"டாக்டரா அவர்?"

"இல்லீங்க. ஆனா தெருவிளக்கெல்லாம் உடனே போட்டுக் குடுத்துடுவார்."

மறுநாளே வரச் சொல்லி, பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை, நிறம் போக மட்டும் நாள் கூடுதலாகும் என்றார். திட்டியது தனி.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மதியம் பின்கதவைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர். ரிட்டயர்டு கணக்கு டீச்சர். அவர் கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர். நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். காலனிப் பூங்கா வாசலில் அந்த மனிதர் பெயர் போட்டு ஒரு சிமென்ட் பெஞ்ச் இருக்கிறது. சங்கம் வைத்தது. அதில் உட்கார்ந்து நான் எத்தனையோ இளநீர் குடித்திருக்கிறேன்.

டீச்சர் துணி சுற்றிய ஒரு கிண்ணத்தை நீட்டினார். புளியும் கல்லுப்பும் போட்டுக் காய்ச்சிய பற்று. ஆவி வந்துகொண்டிருந்தது.

"சூடு கை பொறுக்கறாப்பல ஆனதும் போடு வசந்தி. கன்னத்து எலும்பு மேல மட்டும். இமைகிட்டப் போகாத. நல்லா காயறதுக்கு முன்னாடி துடைச்சிடு, இல்லன்னா பிக்கும்போது தோல் எரியும். பவுடர் போடறதா இருந்தா இப்போ வேண்டாம். கறுப்பு மேல பவுடர் போட்டா சாம்பல் மாதிரி தெரியும், எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. மஞ்சளா மாறட்டும். மஞ்சள் மேல பவுடர் நல்லா ஒட்டும்."

கேட்டுக்கொண்டே இருந்த எனக்குப் பாதியில்தான் உறைத்தது. இவ்வளவு விவரம் ஒருவருக்கு எப்படித் தெரியும்?

"டீச்சர், அவர் என்னை அடிக்கல."

"சரிம்மா."

"நிஜமா டீச்சர். நான் மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அழகுக்கு."

டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் பாத்ரூம் சொன்னேன், மாடிப்படி சொன்னேன், அலமாரிக் கதவு சொன்னேன். ஆபரேஷன்னு எனக்குத் தோணவே இல்ல. நீ நல்லா யோசிச்சிருக்க" என்றார்.

சீட்டைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். பழைய மூக்கின் பக்கவாட்டுப் படம். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். நம்பியதும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

"தயாளன் தம்பி அப்படின்னு கேட்டதும் எனக்கு மனசே விட்டுப்போச்சும்மா. அவரும் இப்படித்தானான்னு."

"யாரு டீச்சர் சொன்னா?"

"யாரு சொல்லல? கடையில பேசிக்கறாங்க. அவளுக்கு வேணும்னு ரெண்டு பேரு. பாவம்னு ரெண்டு பேரு."

நான் மெதுவாகக் கேட்டேன். மெதுவாகக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் கேட்டேன். "அப்போ உங்களை யாரும் எதுவும் கேக்கலையா டீச்சர்?"

"கேட்டாங்களே. வலிக்குதான்னு கேட்டாங்க."

"மருந்து?"

"சம்பந்தம் கடையிலதான். வேற எங்க போவேன்? நான் வாயைத் திறக்கவே வேண்டாம். முகத்தைப் பாத்ததும் ஆயின்மென்டை எடுத்து வெச்சிடுவார். ஒரு தடவை, பெரிய டியூபா வாங்கிக்கோங்க டீச்சர், நாள் வரும்னார். நல்ல மனசோடதான் சொன்னார். அதான் மறக்க முடியல."

பற்று கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. டாக்டர் சூடே ஆகாது என்று சொல்லியிருந்ததால் நான் போடவில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"அதான் ரயில்ல நம்ம காலனிக்காரங்க எழுந்து ஜன்னலோர சீட்டு குடுத்தாங்களா?" என்றார். "அதான் கடைசி வீட்டுக்காரர் தோள்ல தட்டி, ஸ்ட்ராங்கா இருங்க சார்னாரா? எல்லாரும் திடீர்னு என்கிட்ட ரொம்ப அன்பா இருக்காங்களேன்னு நினைச்சேன் வசந்தி. நான் இத்தனை வருஷமா எல்லாரையும் பாத்துச் சிரிக்கறேன். ஒருத்தரும் நின்னு பேசினதில்ல."

தெருவில் ஒரு மனிதனுக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன், சம்பந்தம் சார். என் முகத்தைவிட மோசமாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து அவர் சொன்னார். "உன் மூக்கு விஷயம் வெளிய தெரியக் கூடாதுன்னா பரவால்ல. நான் அடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன். கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் எனக்கு வந்த கோபங்களிலேயே பெரிய கோபம் அப்போது வந்தது.

"மறக்க மாட்டாங்க! உங்க பேர்லயும் பெஞ்ச் வைப்பாங்க!"

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சங்கப் பொதுக்கூட்டம். மழைநீர்க் கால்வாய் அடைப்பு, தெருநாய், கூட இணைச் செயலாளர் தேர்வு. மூக்கில் கட்டு, கன்னத்தில் ஊதா, தாடையில் பச்சை, கழுத்தில் மஞ்சள் என்று நான் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் டீச்சர். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டார்கள்! ஒருவர் மரத்தைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார்.

நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "இணைச் செயலாளர் பதவிக்கு நம்ம தயாளன் சார் பேரை நான் முன்மொழியறேன். அமைதியானவர். பொறுமைசாலி. குடும்பம்னா ஆயிரம் இருக்கும், அதெல்லாம் நாம பாக்க வேண்டியதில்ல."

கை தட்டினார்கள்! கை தட்டினார்கள் சார்!

எழுந்தேன். மைக் தேவைப்படவில்லை. "அவர் என்னை அடிக்கல. நான் மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அழகா இருக்கணும்னு ஆசைப்பட்டுப் பண்ணிக்கிட்டேன். ரத்தக்கட்டு அதனால வந்தது. இவ்வளவு கறுத்தது சம்பந்தம் சார் குடுத்த செட்டால வந்தது."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல். "எங்க, மூக்கு அப்படியேதான இருக்கு?"

பூங்கா முழுக்கச் சிரிப்பு. வீக்கம் வடியவில்லை, அப்படித்தான் தெரியும் என்று விளக்க ஆரம்பித்தேன். ஆதார் கார்டை எடுத்துப் பழைய மூக்கைப் பாருங்கள் என்று நீட்டினேன். (ஆதார் போட்டோவில் அது மூக்கா, நிழலா என்று யாருக்குத் தெரியும்? அதில் இருப்பது நான்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.) நான் விளக்க விளக்க அவர்கள் முகத்தில் சிரிப்புப் போய் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் எனக்கு டீச்சரிடம் பார்த்துப் பழகியதுதான். நல்லா யோசிச்சிருக்க என்ற இரக்கம்.

என் கணவர் எழுந்தார். "நான் அடிச்சேன்னு நினைச்சுதானா என்னைத் தேர்ந்தெடுக்கறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவர் பேசி நான் கேட்டதிலேயே சத்தமான வாக்கியம் அது.

நீங்கள் சொன்னீர்கள்: "சரி சார். சரிம்மா. நம்பறோம். வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கலாம். அடுத்தது, கால்வாய்."

கூட்டம் கால்வாய்க்குப் போய்விட்டது. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ரத்தக்கட்டு கரைந்து பல மாதம் ஆகிறது. மேடு போய்விட்டது. எனக்குத் தெரிகிறது, டாக்டருக்குத் தெரிகிறது, ஆசையோடு உற்றுப் பார்த்தால் கணவருக்கும் தெரிகிறதாம். காலனியில் பாதிப் பேர் அவர் அடித்தார் என்றும், மீதிப் பேர் ஆபரேஷன் வீணாகப் போச்சு என்றும் நம்புகிறார்கள். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "மெதுவா பேசு வசந்தி, என்னைத் தலைவராக்கிடப் போறாங்க" என்கிறார். அவருக்கு ஆபீசில் பதவி உயர்வு தள்ளிப்போனதும் நித்யா போனில், "அம்மா கண்ணுக்குக் கீழ மைய அப்பிக் கூட்டிட்டுப் போய் மேனேஜர் எதிர்ல நிறுத்துங்கப்பா, உடனே கிடைக்கும்" என்றாள். சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகு எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நினைப்புத்தான் வருகிறது, டீச்சர் நினைப்பு. போன மாதம் சிலிண்டர் போட வந்த ரமேஷிடம் எல்லா உண்மையையும் சொன்னேன். "அப்டியாக்கா? நல்லதா போச்சு. ஆனா சார் கைய வெச்சா சொல்லு, வண்டி எப்பவும் கீது" என்றான். அவனும் முழுசாக நம்பவில்லை. எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை.

இதை எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "எழுது. என் பேரை மாத்தாத" என்றார்.

எனவே கேட்கிறேன், சம்பந்தம் சார். மாத்திரைக்காகக் கேட்கவில்லை. அதை நானும் சீட்டைக் காட்டாமல் வாங்கினேன். வேறொன்று கேட்கிறேன். நான் உண்மையிலேயே அடி வாங்கியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? எத்தனை வீட்டுக்குப் பெரிய டியூப் விற்றீர்கள்? ஒரு தடவையாவது, யார் அடித்தது என்று கேட்டீர்களா? என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம். டீ வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அடுத்த பொதுக்கூட்டத்தில், கால்வாய்க்கு முன்னால், எழுந்து நின்று மைக்கில் பதில் சொல்லுங்கள். டீச்சர் முன்வரிசையில் உட்காருவார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.